யாரும் படிக்க மாட்டாங்க

லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதில் ஒரு பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி இது. அவர் மட்டும் இரண்டு பூட்டுகள் போடுவார். ஒன்று கம்பெனி கொடுத்தது. இன்னொன்று அவரே கடையில் வாங்கியது. கம்பெனிப் பூட்டுக்கு ஆபீசில் இன்னொரு சாவி இருக்கிறது, அது எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு ரெட்டைப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். "என்ன ரெட்டைப் பூட்டு, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "எதுக்குக் கேக்குற?" என்பாராம்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. நெடுநெடுவென்று இருப்பார். பதினாறு வருடமாக ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றில் துணி வெட்டுகிறவர். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகள் கைப்பந்து விளையாடுவாள். பயிற்சி முடியும்வரை அவர் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டே இருப்பார். மழை பெய்தால் குடையோடு நிற்பார். "அப்பா, மானம் போகுது, வீட்டுக்குப் போங்க" என்று மகள் கெஞ்சினால், "உன் மானம் பத்திரமா இருக்கட்டும்னுதான் நிக்கிறேன், நீ பந்தைப் பாரு" என்பார்.

அவரும் ஒரு காலத்தில் ஓட்டக்காரர். பதிமூன்று வயதில் விளையாட்டு விடுதியில் சேர்ந்தார். பெரிய பந்தயங்களில் பதக்கம் வாங்கினார். பதினாறாவது வயதில் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். முட்டி போய்விட்டது என்றார். இருபத்தெட்டு வருடம் அதையேதான் எல்லோரிடமும் சொன்னார். கல்யாணமானதிலிருந்து மனைவி அந்த முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போகும் இடங்களில் பதினோரு மாடியானாலும் அவர் படியில்தான் ஏறுவார்.

இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தது. நான் அவரைச் சந்தித்தது நீதிமன்ற வளாகத்தின் தரைத்தளத்தில் இருக்கும் சாட்சி உதவி மையத்தில். எனக்கு அது முதல் வேலை, சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாலியல் வழக்குகளில் சாட்சி சொல்ல வருகிறவர்களுக்குக் கடைசிவரை கூட இருப்பது எங்கள் பணி. தேதியை நினைவூட்டுவோம், லீவுக்குக் கடிதம் வாங்கித் தருவோம், சாட்சி சொல்லும்போது அறைக்குள் பக்கத்து நாற்காலியில் உட்காருவோம்.

அவர் தானாக வழக்குப் போடவில்லை. அவரைவிட இருபது வயது இளையவர் ஒருவர்தான் அந்த விடுதியின் ஓட்டப் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்திருந்தார். போலீஸ் பழைய விடுதிப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகத் தேடிக் கூப்பிட்டது. பலர் போனை வைத்துவிட்டார்கள். சிலர் திட்டிவிட்டு வைத்தார்கள். இவர், "என் நம்பரை யார் கொடுத்தது?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, நான்காவது முறை, "எங்க வரணும்?" என்றாராம்.

முதல் நாள் கதவருகிலேயே நின்றார். எங்கள் அறைச் சுவர் இளஞ்சிவப்பு. சுவரொட்டிகளில் எல்லாம் பெண்களும் குழந்தைகளும். மூலையில் பொம்மைகள். அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் அவரைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். அவர் அதைக் கவனித்தார். நான் அதைக் கவனித்ததையும் கவனித்தார்.

"உட்காருங்க சார்."

"லிஃப்ட்காரனை யாரும் சார்னு கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா பத்தாவது மாடியில யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம்."

"சரிங்க அண்ணே. உட்காருங்க."

"நீ யாரு?"

"உங்களுக்கு உதவிக்கு இருக்கேன். சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் கூட இருப்பேன்."

"உனக்கு யார் சம்பளம் கொடுக்கறாங்க?"

"அரசாங்கம்."

"அந்த ஆளுக்கும் அரசாங்கம்தான் கொடுத்துச்சு."

படிவத்தை எடுத்தேன். அதில் முதல் வரியே 'பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர்' என்று அச்சாகியிருந்தது. அடுத்த வரி 'தந்தை அல்லது கணவர் பெயர்'. எங்களிடம் வேறு படிவம் கிடையாது. நான் அவசரமாகப் பேனாவால் அடித்து மாற்றி எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அடிச்ச இடத்துல உன் கையெழுத்தைப் போடு. இல்லைன்னா நாளைக்கு நான் அடிச்சேன்னு சொல்வாங்க."

போட்டேன். பிறகு நீல அட்டை போட்ட டைரியைத் திறந்தேன். ஒவ்வொரு சந்திப்பையும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பையும் அதில் எழுதி வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி.

"அது என்ன?"

"நீங்க வந்தது, என்ன உதவி கேட்டீங்க, அதெல்லாம் எழுதி வைப்போம்."

"யாரெல்லாம் படிப்பாங்க?"

அவர் முகம் அப்படி இறுகியிருந்தது. எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன். சொன்னேன்: "யாரும் படிக்க மாட்டாங்க, அண்ணே."

அது உண்மை இல்லை. மூன்று நாள் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், நீதிமன்றம் கேட்டால் டைரியைக் கொடுக்க வேண்டும் என்று. படிவத்தின் பதினொன்றாவது வரியில் அது சின்ன எழுத்தில் இருந்தது. ஆனால் ஐந்து மாதத்தில் எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. கேட்காது என்று நினைத்தேன். அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னேனா, அவர் போய்விட்டால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று சொன்னேனா? இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். எழுதி வைத்தால் யாராலும் ஏமாற்ற முடியாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள் என் அம்மா. எழுதி வைத்தது ஒருவரைக் குத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மற்ற பெண்களுக்குச் சங்கடம் என்று அவருக்குச் செவ்வாய்க்கிழமை மூன்று மணியை ஒதுக்கினோம். அந்த நேரத்தில் அறை காலியாக இருக்கும். பின்வாசலில் நிற்கும் போலீஸ்காரர் முதல் இரண்டு வாரம் அவரை நிறுத்தினார். "ஜாமீன் கையெழுத்தா? அது அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். நான் ஓடிப்போய், "இவர் சாட்சி" என்று சொன்ன பிறகும் அவரை மேலும் கீழும் பார்த்தார். கம்பெனிக்கு லீவுக் கடிதம் போனபோது சூப்பர்வைசர் கேட்டாராம்: "கோர்ட்டா? யாரை அடிச்ச?"

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் அடிக்கலைன்னேன்."

மூன்றாம் மாதம் ஒரு நாள் அவரே ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா வரேன். என்ன நடந்துச்சுன்னு நீ ஒரு தடவைகூடக் கேக்கல."

"கேட்கக் கூடாது அண்ணே. சாட்சி சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்கிட்ட சொன்னா, நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வார்."

"அப்ப இந்த டிஷ்யூ பேப்பர் எதுக்கு வச்சிருக்க?"

"அழுதா துடைக்க."

"எதுக்கு அழுதோம்னு கேக்க மாட்டீங்க. துடைக்க மட்டும் பேப்பர் கொடுப்பீங்க. நல்ல டிபார்ட்மென்ட்." பிறகு சொன்னார்: "நீ நம்பலைன்னு நினைச்சேன். நம்பாதவங்கதான் கேக்க மாட்டாங்க. எங்க அப்பா கேக்கல."

விதி என்பது உண்மை. ஆனால் விதி இல்லாமல் இருந்திருந்தாலும் நான் கேட்டிருப்பேனா? ஒரு ஆண், என் சித்தப்பா வயதுக்காரர், அதைச் சொல்லும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது. விதி எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

நீதிமன்ற அறை காலியாக இருந்த ஒரு நாள் அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். இங்கே நீதிபதி, இங்கே நீங்கள், இங்கே நான். அந்தப் பக்கம் திரை இருக்கும், திரைக்குப் பின்னால் அந்த ஆள் இருப்பார், உங்களுக்குத் தெரியாது. அவர் சாட்சிக் கூண்டை ஆட்டிப் பார்த்தார். பின்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தார். பிறகு குனிந்து திரையின் அடியைப் பார்த்தார்.

"கீழ ஒரு ஜாண் இடைவெளி இருக்கு. காலு தெரியும்."

இரண்டு வருடமாக அந்தத் திரையை எங்கள் மையம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. அந்த இடைவெளி ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. எங்கள் மேலாளர் அக்கா மறுநாளே ஒரு போர்வையைக் கொண்டுவந்து ஊக்கு குத்தினார். "அந்த மனுஷனை இங்க வேலைக்கு வச்சுக்கலாம்" என்றார்.

அந்த வாரம்தான் மனைவியின் அழைப்பு வந்தது. மாலை ஐந்து மணிக்கு மேல். நான் மட்டும் இருந்தேன்.

"இது யாரோட நம்பர்?" என்றது ஒரு பெண் குரல்.

"நீங்க யார் பேசறீங்க?"

"முதல்ல கேட்டது நான்."

"இது ஒரு அலுவலகம்ங்க."

"என்ன அலுவலகம்?"

யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. எங்களிடம் வருகிறவர்களின் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் அப்படி ஒரு விதி.

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"பேர் சொல்ல முடியாத அலுவலகமா? ரொம்ப நல்லா இருக்கு. வாரா வாரம் செவ்வாக்கிழமை என் வீட்டுக்காரர் சட்டை மாத்திக்கிட்டு எங்க வர்றார்? போன்ல இந்த நம்பர்தான் இருக்கு. ஆஸ்பத்திரி லிஃப்ட் சர்வீஸ்னு என்கிட்ட சொல்றார். கம்பெனியில கேட்டா அரை நாள் லீவுங்கறாங்க. பொய்யா சொல்லித் தள்றார்."

"அம்மா, நான்..."

"அம்மாவா? உன் குரலைக் கேட்டா என் பொண்ணுக்கு அக்கா மாதிரி இருக்க. உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? முட்டி போன ஆளும்மா அவரு!"

போன் வைக்கப்பட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு டைரியை எடுத்து, விதிப்படி எழுதினேன். 'மாலை 5.10. மனைவி அழைப்பு. கணவர் தன்னிடம் தொடர்ந்து பொய் சொல்வதாகத் தெரிவித்தார். பதில் எதுவும் அளிக்கப்படவில்லை.' எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். சுத்தமான வாக்கியம் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை வந்ததும் அழைப்பு வந்த விஷயத்தை அவரிடம் சொன்னேன். எழுதியதைச் சொல்லவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல அண்ணே."

"ஒண்ணும் சொல்லலைன்னா அவ என்ன நினைப்பா? நீயே சொல்லு. என்ன நினைப்பா?"

எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு செவ்வாய்க்கிழமைகள் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார். சட்டை மாற்றாமல், கம்பெனிச் சட்டையோடு, கிரீஸ் வாசனையோடு வந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் மடிச்ச துணியையே திரும்ப மடிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம், அப்ப முட்டின்னு கேட்டா. முட்டி எப்பவும் நல்லாதான் இருந்துச்சுன்னேன். பதினேழு வருஷம் தைலம் தேய்ச்சேனேன்னு அழ ஆரம்பிச்சா. தைலத்துக்கு அழுதாளா, எனக்கு அழுதாளான்னு தெரியல. நான் கேக்கல."

விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மேலாளர் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். பயிற்சியாளர் தரப்பு வக்கீல் மனுப் போட்டு எங்கள் டைரியைக் கேட்டிருக்கிறார். நீதிபதி அனுமதித்துவிட்டார். நகல் போயாகிவிட்டது.

"டைரி கோர்ட்டுக்குப் போகலாம்னு அவர்கிட்ட முதல் நாளே சொன்னதானே?" என்றார் அக்கா.

இல்லை என்று தலையாட்டினேன்.

"போய்ச் சொல்லு. போன்ல இல்ல, நேர்ல. வக்கீல் வாயால அவர் முதல் தடவை கேட்கக் கூடாது."

அவர் அன்று ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில் இருந்தார். ஒன்பது மாடி ஏறினேன், லிஃப்டைத்தான் அவர் பிரித்துப் போட்டிருந்தாரே. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளிடம் டார்ச்சைக் கொடுத்து, "இங்க அடி" என்றார். மோட்டாருக்குப் பக்கத்தில் வெளிச்சம் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போல்ட்டை முறுக்கி முடித்தார். கையைத் துடைத்தார். நான் கொண்டுபோயிருந்த நகலை வாங்கி, அந்தப் பக்கத்தை வாசித்தார். திரும்ப முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"இதுல 'தொடர்ந்து'ன்னு எழுதியிருக்க. அவ அப்படியா சொன்னா?"

"பொய்யா சொல்லித் தள்றார்னு சொன்னாங்க."

"அவ அப்படித்தான் பேசுவா. மழை வந்தாக்கூட வானம் பொத்துக்கிட்டுதும்பா." நகலை மடித்தார். "யாரும் படிக்க மாட்டாங்கன்னு சொன்னியே. தெரியாம சொன்னியா, தெரிஞ்சு சொன்னியா?"

"தெரியும் அண்ணே. கேட்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"தெரிஞ்சு." தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு அளவை எடுத்துக் குறித்துக்கொள்கிறவர் போல. "என்னை எல்லாரும் கேலி பண்ணுவாங்க, இவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்னு. நானும் சில சமயம் நினைப்பேன், நம்ம மேலதான் தப்போன்னு. பரவாயில்ல. நம்ம மேல தப்பில்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விசாரணைக்கு வருவாரா என்று கேட்க வாய் வரவில்லை. அவராகவும் சொல்லவில்லை. சாட்சி சொல்லாமல் போனால் அந்த இளையவரின் வழக்கு தனியாக நிற்கும். அந்த இளையவர் சொல்வது ஒரு பையனின் கற்பனை என்று ஆகிவிடும். இருபத்தெட்டு வருடம் முட்டி என்று சொன்னவர் திரும்பவும் முட்டிக்கே போய்விடுவார். ஒன்பது நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தார். மனைவியோடு வந்தார். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்தப் பேர் சொல்லாத அலுவலகம்?"

"ஆமாக்கா."

"அக்கான்னு சொல்லிட்டா ஆச்சா?" என்று சொல்லிவிட்டு மைய அறையில் போய் உட்கார்ந்தார். கதவை மூடி நடக்கும் விசாரணை அது. நீதிபதி, வக்கீல்கள், எழுத்தர், திரைக்குப் பின்னால் குற்றம் சாட்டப்பட்டவர், இவர்கள் தவிர சாட்சிக்குத் துணையாக ஒரே ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். அந்த நாற்காலியில் நான் இருந்தேன்.

காலையில் அரசு வழக்கறிஞர் கேட்கக் கேட்க அவர் சொன்னார். பதினான்கு வயதில் என்ன நடந்தது, எத்தனை முறை, பயிற்சியாளர் என்ன சொல்லி மிரட்டினார், அப்பாவிடம் சொல்லப் போனபோது அப்பா என்ன செய்தார், எல்லாவற்றையும். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரையை அவர் படித்துவிட்டார். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டேன். அதில் ஒன்று இது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மெதுவாகப் பேசுகிற, வயதான, மரியாதையான மனிதர்.

"உங்க மனைவி உங்களை நல்லா அறிஞ்சவங்கதானே?"

"ஆமா."

"நீங்க தொடர்ந்து பொய் சொல்றவர்னு அவங்களே அரசு அலுவலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க. இது அந்த அலுவலகத்தோட டைரி. படிக்கட்டுமா?"

என் வாக்கியத்தை அவர் குரலில் கேட்டேன். அவ்வளவு தெளிவாக இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லாத வாக்கியம்.

"பொய் சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"தொடர்ந்து?"

"தொடர்ந்துதான். எதுக்குன்னு கேளுங்க."

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்." வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். இந்த டைரியை எழுதியவர் அறையில்தான் இருக்கிறார், தேவைப்பட்டால் அவரையும் சாட்சியாகக் கூப்பிடுவோம், அதுவரை அவர் இங்கே உட்காருவது முறையல்ல என்றார். நீதிபதி சரி என்றார். நான் எழுந்து வெளியே வந்தேன். கூண்டுக்குப் பக்கத்து நாற்காலி காலியானது. அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

நடைபாதை பெஞ்சில் அவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் திறக்காத டிபன் பாக்ஸ். நான் சுவரோரம் நின்றேன். அரசு வழக்கறிஞர் வந்தார்.

"அந்த டைரிப் பக்கம் கொஞ்சம் இடிக்குது" என்றார். "எதுக்குப் பொய் சொன்னீங்கன்னு நான் உங்ககிட்டயே கேட்கலாம். ஆனா அது உங்க வாய்ச் சொல்லாத்தான் இருக்கும். உங்க மனைவியே கூண்டுல ஏறி, இந்தக் காரணத்துக்காகத்தான் மறைச்சார்னு சொன்னா, அந்தப் பக்கத்துக்கு உயிரே இருக்காது."

"நான் சொல்றேன்" என்றார் மனைவி. "இப்பவே சொல்றேன். நான் வாயைத் திறந்தா அந்த வக்கீல் பெரியவர் கோட்டைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போகணும்."

"இன்னைக்கு முடியாதும்மா. மனுப் போடணும், அடுத்த தேதிக்கு ரெண்டு மாசம் ஆகும். இன்னொண்ணு, நீங்க சாட்சின்னா, சாட்சி சொல்றதுக்கு முன்னாடி உள்ள வந்து உட்கார முடியாது."

மனைவி என்னைப் பார்த்தார். "அப்ப மத்தியானம் இவர்கூட யாரு?"

மத்தியானம் இன்னும் இரண்டு மணி நேரம் கேள்வி இருக்கிறது. விடுதியைப் பற்றி இனிமேல்தான் கேட்கப்போகிறார்கள். மேலாளர் அக்கா வேறு வழக்கில், வேறு கட்டடத்தில் இருந்தார். ஒரு நாற்காலியைக் காலி செய்தது என் ஒரு வாக்கியம்தான்.

"நான் தனியா நின்னுக்கறேன்னு சொல்லுங்க" என்றார் மனைவி அவரிடம். "ஜெயிக்கணும். எனக்கு அந்த ஆளு ஜெயிலுக்குள்ள போகணும்."

அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். மூடினார்.

"அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் வழக்கறிஞர். "தீர்ப்புல அது உங்களுக்கு எதிரா வரலாம். நான் வராதுன்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"வரட்டும். பொய் சொன்னது நிஜம்தானே. இவளும் சொன்னது நிஜம்தான்." மனைவி பக்கம் கை காட்டினார். "இவ உள்ள வரட்டும். இத்தனை வருஷம் இவளுக்குத் தெரியாமயே எல்லாம் பண்ணிட்டேன். மத்தியானம் அவங்க என்ன கேக்கறாங்களோ, நான் என்ன சொல்றேனோ, இவ காதால கேக்கட்டும். அப்புறம் யார் என்ன எழுதினா எனக்கென்ன?"

"நான் உள்ள வந்து ஏதாவது பேசிட்டா?" என்றார் மனைவி. முதல் முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"பேசினா வெளிய அனுப்பிடுவாங்க."

"அப்ப வாயைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா? ரெண்டு மணி நேரமா?"

"நீ உட்காருவ."

வழக்கறிஞர் பெருமூச்சு விட்டுவிட்டுத் துணைக்கு இருப்பவரின் பெயரை மாற்றி எழுதப் போனார். மணி அடித்தது. உள்ளே கைப்பை, போன் எதையும் கொண்டுபோகக் கூடாது. மனைவி தன் பையை என் கையில் திணித்தார்.

"பிடி. உள்ள என்ன இருக்குன்னு பார்த்து டைரியில எழுதிடாத."

கதவு மூடியது. நான் அதே பெஞ்சில், மடியில் அந்தப் பையோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஒரே ஒரு முறை அவர் குரல் உயர்ந்து, "இல்ல, அப்படி இல்ல" என்பது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. நான் இத்தனை மாதம் உட்கார்ந்து பழகிய நாற்காலியில் சம்பளமும் வாங்காத, பயிற்சியும் எடுக்காத ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவள் அங்கே என்னைவிடப் பொருத்தமானவள் என்பதை அந்த இரண்டு மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. எளிதாக இல்லை.

நான்கு இருபதுக்குக் கதவு திறந்தது. அவர் முதலில் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவி பின்னால் வந்தார், உதட்டை இறுக்கி மூடியபடியே. வெளியே வந்த பிறகும் அந்த வாய் உடனே திறக்கவில்லை.

"முடிஞ்சுதா அண்ணே?"

"கேள்வி முடிஞ்சுது."

"எல்லாத்துக்கும் பதில் சொன்னார்" என்றார் மனைவி. என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நான் எழுதிய பக்கம் வழக்குக் கட்டுக்குள் இருக்கிறது. அதனால் அவர் சொன்னது நம்பப்படாமல் போனால் அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. தீர்ப்புக்கு அடுத்த மாதம் தேதி போட்டிருக்கிறார்கள். அதைச் சொல்ல அவரைக் கூப்பிட்டபோது, அன்றைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பக்கத்தில் மனைவி, "யாரு, அந்த அலுவலகமா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"கதவு வரைக்கும் வா" என்றார். "உள்ள இவ வருவா."